நிபந்தனை சுமந்த ஊக்கம்: சிங்கப்பூர்ப் பெண்களும் விஞ்ஞானக் கல்வியும்

பெண்கள் விஞ்ஞானம் படிக்கலாகாது என்று பகிரங்கமாக வாதிப்பவர் ஒருவரையேனும் இன்றைய சிங்கப்பூரில் காண்பது அரிது. சிராங்கூன் சாலையை அடுத்த தெருக்களில், கடைகளுக்கு மேலே மாடியில் நடக்கும் டியூஷன் வகுப்புகளில் அண்ணனும் தங்கையும் ஒரே ரசாயனப் புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள்; 2022-ஆம் ஆண்டில் நடந்த பீசா என்னும் சர்வதேசப் பரீட்சையில் இந்நாட்டின் 15 வயதுப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் சராசரி 561 புள்ளி பெற்று உலகத்தின் முதலிடத்தில் நின்றபோது, அந்தக் கீர்த்தியில் பெண்பிள்ளைகளின் பங்கைக் குறைத்துப் பேசியவர் யாருமில்லை; பல்கலைக்கழகங்களும் அரசாங்க இலாகாக்களும் தொழில் நிறுவனங்களும், பெண்களே வாருங்கள் என்று போட்டி போட்டுக்கொண்டு அழைக்கின்றன. இவற்றையெல்லாம் பார்ப்பவர்க்கு, இந்த வழக்கு தீர்ப்பாகி முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால், தடை நீங்கிய இடத்தில் ஊக்குவிப்பு வந்து அமர்ந்திருக்கிறதே, அந்த ஊக்குவிப்பை யாரும் அவ்வளவாகப் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. ஆண்பிள்ளை ஒருவன் பௌதிகம் படிக்கப் போகிறேன் என்றால், எதற்காக என்று கேட்பாரில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பதே போதுமான நியாயமாகிவிடுகிறது. அதே ஆசையைப் பெண்பிள்ளை வெளியிட்டால், அதனால் விளையும் பிரயோஜனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு உதவும், சமூகத்துக்கு உதவும், பெண் நோயாளிகளுக்கு உதவும், தேசத்தின் தொழில் வளர்ச்சிக்கு உதவும் என்று ஏதேனும் ஒரு சாட்சியை நிறுத்தியாக வேண்டும். சென்ற நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூரில் பெண்களின் விஞ்ஞானக் கல்விக்கு ஆதரவாகப் பேசியவர்கள்கூட, மிகப் பெரும்பாலும், இந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டே பேசியிருக்கிறார்கள் என்பதும், நிபந்தனைக்குரிய பிரயோஜனம் மாறிய போதெல்லாம் கொடுத்த ஊக்கமும் திரும்பப் பெறப்பட்டது என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய ஆதாரங்களைக் காலக்கிரமத்தில் நோக்குவோம்.

தேக்காவிலிருந்து செலிகி சாலை வழியாக நகரத்தை நோக்கி நடப்பவர், ஷார்ட் ஸ்திரீட் என்னும் சிறு தெருவை அதிகமாகக் கவனிப்பதில்லை. 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்னும் மெதடிஸ்ட் மிஷனரிப் பெண்மணி அத்தெருவின் கடைவீடு ஒன்றில், ஒன்பது இந்தியச் சிறுமியரைக் கொண்டு, தமிழ் வர்த்தகர்களின் உதவியோடு, தமிழ்ப் பெண்கள் பள்ளி என்ற பெயரிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று செல்வாக்கு மிக்க நிலையங்களில் ஒன்றாக விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் மூலம் அதுதான். சீனர், மலாய்க்காரர், யூரேசியர் என எல்லா இனத்துப் பெண்களும் பயின்று புகழ்பெற்ற அந்தக் கலாசாலைக்குத் தமிழ்ச் சிறுமியர் அஸ்திவாரமாக இருந்தார்கள் என்பது நம்மவரிலேயே பலருக்குத் தெரியாது; தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆயினும் அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளிகளின் பொது மரபில் எழுத்தும் கணக்கும் தையலும் வேதபாடமும் இருந்தனவே தவிர, பரிசோதனைக் கூடம் என்பது நினைப்பிலேயே இல்லை. பெண்ணைப் படிக்கவைத்தால் குடும்பம் சீர்ப்படும் என்பதே அன்று கல்விக்குச் சொல்லப்பட்ட காரணம். குடும்பத்தைச் சீர்ப்படுத்தக் காந்தத்தின் குணமும் கிரகங்களின் கதியும் எதற்கு?

இதே காரணம் 1930-களில் சுதேசி உடை அணிந்து மீண்டும் வந்தது. ராமகிருஷ்ண மிஷன் நாரிஸ் சாலையில் சாரதாமணி பெண்கள் பள்ளியை நடத்தியது. 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், அதன் உயிர்நாடியாக இருந்த கோ. சாரங்கபாணி 1935-இல் ஆரம்பித்த தமிழ் முரசும் சமூக சீர்திருத்தத்தோடு பெண் கல்வியையும் பேசின. இவர்களுடைய தொண்டு சாமானியமானதன்று. என்றாலும், படித்த தாயால்தான் படித்த சமுதாயம் உண்டாகும் என்ற வாதமே மேடைகளில் எளிதில் விலைபோயிற்று. 1929-இன் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற பெரியார், பெண்ணின் கல்வியைத் தாய்மையின் கணக்கில் எழுதாமல் அவளுடைய சுதந்திரத்தின் கணக்கிலேயே எழுதியவர். அவரைக் கொண்டாடிய சபைகளிலும் அந்தப் பகுதி மட்டும் சற்று மெதுவாகத்தான் ஒலித்தது.

பெண்களுக்கு விஞ்ஞானத்தின் கதவு முதலில் திறந்தது வைத்தியத் துறையில். அது திறந்த விதம் நம் விஷயத்துக்கு மிக முக்கியமானது. 1875-இல் மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டதற்குப் பெண்களின் அறிவுத் தாகத்தைத் தீர்க்க வேண்டும் என்பது காரணமன்று. ஆண் வைத்தியர் தொடுவதை விரும்பாத பெண் நோயாளிகள், பிரசவ அறைகளிலும் அந்தப்புரங்களிலும் சிகிச்சையின்றி மாண்டார்கள் என்பதே காரணம். புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் பலருடைய ஆட்சேபத்துக்கிடையே இடம்பெற்று, 1912-இல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் சரித்திரம் தமிழர் அறிந்ததே. சிங்கப்பூரில் 1905-இல் தொடங்கிய அரசாங்க வைத்தியப் பள்ளியில் பயின்று 1919-இல் தேறிய லீ சூ நியோ, இவ்வூர் ஈன்ற முதல் பெண் டாக்டர் என்று போற்றப்படுகிறார்.

1924-இல் தேக்காவுக்குப் பக்கத்திலேயே இலவசப் பிரசவ மனையாக உருப்பெற்ற கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, நாம் பொதுவாகக் கேகே என்று அழைப்பது, 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்த இடமாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அத்தனை பிரசவங்களும் நடக்க எத்தனை தாதியர், எத்தனை மருத்துவச்சிகள், எத்தனை பெண் டாக்டர்கள் இரவு பகலாக உழைத்திருப்பார்கள்! உடற்கூறும் ரத்தத்தின் இயல்பும் கிருமிகளின் குணமும் அறிந்த அவர்களை விஞ்ஞானம் தெரிந்தவர்கள் என்று நம் மக்கள் கருதவில்லை. கைராசிக்காரர்கள் என்றே கருதினார்கள். பெண் கற்ற விஞ்ஞானம், அவள் செய்யும் சேவையாக மாறியவுடன், விஞ்ஞானம் என்ற பெயரை இழந்து கருணை என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. நம் குடும்பங்களில் பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைக்கத் தயங்காத பெற்றோர் பௌதிக ஆராய்ச்சிக்கு அனுப்பத் தயங்குவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

சேவை என்ற நிபந்தனைக்கு உட்படாமல், தன் ஆவலுக்காகவே இயற்கையை ஆராய்ந்த பெண்ணை இவ்வூர் எப்படி நடத்தியது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது; அது சிங்கப்பூரின் தேசிய மலரோடு சம்பந்தப்பட்டது. ஆர்மீனியக் குடும்பத்தில் 1854-இல் பிறந்த ஆக்னஸ் ஜோக்கிம் தம் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆர்க்கிட் இனங்களைக் கலந்து புதிய மலர் ஒன்றை உண்டாக்கினார். அதை அவர் அப்போது தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லியிடம் காட்ட, ரிட்லி 1893-இல் லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் அம்மலரை வர்ணித்தபோது, இன்ன இரண்டு இனங்களை இந்த அம்மையார் கலந்து வெற்றி கண்டார் என்று தெளிவாகவே எழுதிவைத்தார். ஆக்னஸ் 1899-இல் காலமானார். ஹில் ஸ்திரீட்டிலுள்ள ஆர்மீனியத் தேவாலயத்தில் அவருடைய கல்லறையை இன்றும் காணலாம். 1981-இல் அந்த மலர் தேசிய மலராயிற்று.

இதற்கிடையில் ஒரு கதை பரவிவிட்டது: அம்மையார் ஒருநாள் காலை தோட்டத்தில் உலவும்போது மூங்கில் புதரருகே தற்செயலாக அந்தச் செடியைக் கண்டெடுத்தாராம், மகரந்தத்தைச் சேர்த்தது ஒரு வண்டாம்! ரிட்லியின் எழுத்து அச்சில் இருக்கையிலேயே இந்தக் கதை பல பத்தாண்டுகள் நிலைத்தது. அறிஞர்களும் அதை ஆதரித்து வாதித்தார்கள். ஆர்மீனியக் குடும்பத்தாரும் சரித்திர ஆர்வலரும் விடாது முயன்றதன் பயனாக, அவரே அதை உண்டாக்கியவர் என்பது அண்மை ஆண்டுகளில்தான் உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்டது. வண்டு வாதத்தைச் சொன்னவர் அனைவரும் பெண்களை இழிவாக எண்ணினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. தாவரங்கள் தாமாகவும் கலக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இரண்டு விளக்கங்கள் எதிரெதிரே நிற்கையில், ஒரு பக்கம் அச்சிட்ட சாட்சியும் இருக்கையில், பூப்பறிக்கும் பெண்ணின் சித்திரம் பரிசோதனை செய்யும் பெண்ணின் சித்திரத்தைவிட மனத்துக்கு இதமாக இருந்ததே, அதை வேறெப்படி விளங்கிக்கொள்வது? ஆண் ஒருவர் அம்மலரை ரிட்லியிடம் கொண்டுபோயிருந்தால் வண்டுக்கு இவ்வளவு பெருமை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

விஞ்ஞானத்தின் சிகரங்களிலிருந்த பெரியோரும் இந்த மனப்போக்குக்கு விலக்கல்லர். நோபல் பரிசு பெற்ற தமிழர் சர் சி. வி. ராமன் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராயிருந்தபோது, 1933-இல் பம்பாயிலிருந்து வந்த கமலா பாகவத்தைப் பெண் என்ற காரணத்தால் சேர்க்க மறுத்து, அவர் விடாப்பிடியாக நிற்கவே, ஓராண்டு சோதனைக் காலம் முதலிய நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். பின்பு கமலா சோஹோனியாகக் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், தாம் பட்ட அவமானத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியிலோ, 18 வயதில் கைக்குழந்தையுடன் விதவையான ஏ. லலிதா, அங்கேயே பேராசிரியராயிருந்த தந்தையின் ஆதரவால் 1940-இல் சேர்ந்தார். அவர் தேறியபோது கல்லூரியின் சான்றிதழ்த் தாளில் மாணவரை ஆண்பாலாகவே அச்சிட்டிருந்தபடியால், அதைக் கையால் அடித்துப் பெண்பாலாகத் திருத்த வேண்டியதாயிற்று. கமலாவுக்கு விடாப்பிடியும் லலிதாவுக்குத் தந்தையும் கைகொடுத்தார்கள். இரண்டும் இல்லாத பெண்கள் எத்தனை பேர் வாசலிலேயே திரும்பினார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை.

சுதந்திர சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே நம் விஷயம் மிகவும் விரிகிறது; ஏனெனில், தனி மனிதர்களின் அபிப்பிராயமாக இருந்தது இப்போது அரசாங்கத்தின் கணக்காக மாறுகிறது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என்ற அச்சமும், தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்து, 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் கீழ் வகுப்புகளில் மாணவர் அனைவரும், மாணவியரில் பாதிப்பேரும் மரவேலை, உலோகவேலை, தொழில்நுட்ப வரைபடம் ஆகியவற்றைக் கற்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அரம் பிடித்து இரும்பைத் தேய்த்த அந்தப் பெண்பிள்ளைகளைப் பார்த்து, இது பெண்ணுக்கு அடுக்காது என்று எவரும் சொல்லவில்லை. தேசத்துக்கு வேண்டியிருந்ததால் அடுக்கிற்று. பாதிப்பேர் என்ற அந்தக் கணக்கைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளைக்கு அது கல்வி; பெண்பிள்ளைக்கு அது சேமப்படை.

பத்தாண்டு கழித்துக் கணக்கு மாறியது. 1979-இல், வைத்தியப் படிப்புக்குச் சேர்க்கப்படும் மாணவரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்ற வரம்பு விதிக்கப்பட்டது. பெண் டாக்டர்கள் மணமாகிக் குழந்தை பெற்றபின் வேலையை விடுகிறார்கள், அல்லது அரைநேர வேலைக்குப் போகிறார்கள். ஆகவே அவர்களைப் பயிற்றுவிக்கச் செலவிடும் பொதுப்பணம் வீணாகிறது என்பது சொல்லப்பட்ட நியாயம். சேவைக்குப் பெண்ணே உகந்தவள் என்று எந்தத் துறையில் அவளை அழைத்து வந்தார்களோ, அதே துறையில், அதே பெண்மையைக் காரணங்காட்டி, வாசலை மூன்றில் இரண்டு பங்கு அடைத்தார்கள். இதன் விளைவாக, ஆண்பிள்ளையைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்ற பெண்பிள்ளைக்கு இடம் மறுக்கப்படுவது சகஜமாயிற்று. இந்த வரம்பு ஒரு மாதமோ ஓர் ஆண்டோ இருக்கவில்லை. 2002-இன் முடிவில் நீக்கம் அறிவிக்கப்பட்டு 2003-இல் அகலும்வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது. அகன்றபின் சில ஆண்டுகளிலேயே வைத்திய வகுப்புகளில் பெண்கள் பாதியளவுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை காலம் வெளியே நின்றவர்களின் தகுதிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

வேலையை விட்டார்கள் என்ற புள்ளிவிவரம் பொய்யென்று நான் கூறவில்லை. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவன் முன்வராததையும், மருத்துவமனையின் வேலை நேரம் வீட்டில் மனைவி இருக்கும் ஆணுக்கென்றே வகுக்கப்பட்டிருந்ததையும் மாற்ற முயலாமல், விளைவை மட்டும் பெண்ணின் சுபாவமாக எடுத்துக்கொண்டதே பிழை. அதே காலத்தில், 1983-ஆம் ஆண்டு தேசிய தினப் பேருரையில், பிரதமர் லீ குவான் இயூ பட்டதாரிப் பெண்கள் பலர் மணமாகாமல் நிற்பது குறித்துத் தம் கவலையை வெளியிட்டார். அதையொட்டி எழுந்த விவாதம் நாட்டையே கலக்கியது. 1985-இல் அவேர் என்னும் பெண்கள் சங்கம் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். அச்சங்கத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரும், 1992-இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினரான முதல் பெண்மணியுமான டாக்டர் கன்வால்ஜித் சோயின், எலும்பு முறிவும் கை அறுவைச் சிகிச்சையும் தொழிலாகக் கொண்ட நிபுணர். பெண்ணுக்குப் பிள்ளைப்பேறும் குழந்தை வைத்தியமும் போதும் என்று எண்ணியவர்களிடையே இரும்புத் தகடும் திருகாணியும் கொண்டு எலும்பைப் பொருத்திய கைகள் அவருடையவை. 1980-களின் நடுவிலோ கல்வித் திட்டமும் பின்னோக்கி நடந்தது: கீழ் உயர்நிலை வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இல்லப் பொருளியல் கட்டாயமாயிற்று. அரத்தைப் பிடித்த கையில் அகப்பை திரும்பிவந்தது. 1997 முதல்தான் இல்லப் பொருளியலையும் வடிவமைப்புத் தொழில்நுட்பத்தையும் இரு பாலாரும் சேர்ந்து கற்கலானார்கள்; இந்த ஒரு சீர்திருத்தத்தை நான் மனமாரப் பாராட்டுவேன்.

அரசாங்கத்தின் கணக்கு இப்போது மீண்டும் பெண்களுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 2022-இல் வெளிவந்த பெண்கள் மேம்பாட்டு வெள்ளை அறிக்கை ஆண்-பெண் பற்றிய பழைய மனப்பதிவுகளை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆயினும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று கண்டபடி, விஞ்ஞான, பொறியியல் பட்டம் பெற்ற பெண்களில் அத்துறைகளிலேயே வேலையில் இருப்பவர்களின் விகிதம் ஆண்களைவிடக் குறைவு. உலகெங்குமே ஆராய்ச்சியாளரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்களவே என்று யுனெஸ்கோ கூறுகிறது. பரீட்சையில் சமமாக நிற்பவர்கள் பணியில் பின்தங்குவது ஏன்?

அறிவுத்திறனில் பேதம் என்று பதில் கூறும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இந்தப் பதிலைச் சிறுபிள்ளைகள் எப்போது கற்கிறார்கள் என்பதை மனோதத்துவ நிபுணர்கள் சோதித்திருக்கிறார்கள். விஞ்ஞானியின் படத்தை வரையச் சொல்லி 4,807 குழந்தைகளிடம் பெற்ற சித்திரங்களை ஆராய்ந்து டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட முடிவின்படி, பெண் விஞ்ஞானியை வரைந்தவர் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேரும் பெண்பிள்ளைகள். பின்வந்த பத்தாண்டுகளில் அமெரிக்கக் குழந்தைகள் பெண் விஞ்ஞானியை வரைவது கணிசமாக உயர்ந்திருப்பது நல்ல சேதி. ஆனால் 2017-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி, மகா புத்திசாலி என்ற பட்டத்தைத் தம் பாலாருக்குக் கொடுக்கப் பெண்குழந்தைகள் ஆறு வயதிலேயே தயங்கத் தொடங்குகிறார்கள் என்று கண்டது. இது மேல்நாட்டு வியாதி, நமக்கென்ன என்று இருக்க முடியாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெய்பெய் செட்டோவும் அவருடைய சகாக்களும் சிங்கப்பூர்ச் சீனக் குழந்தைகளிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மேதைமை ஆணுக்குரியது என்ற எண்ணம் 8 முதல் 12 வயதுக்குள் வளர்ந்துகொண்டே போவதும், பெற்றோரிடம் அது பலமாக இருந்தால் பிள்ளையிடமும் பலமாக இருப்பதும் தெரியவந்தன. அந்த வயதுகள் இவ்வூரில் எவை? தொடக்கப் பள்ளியின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ பரீட்சைக்காகத் தாயும் தந்தையும் பிள்ளையின் பக்கத்தில் இடைவிடாது அமர்ந்திருக்கும் வயதுகள். கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கும்போதே வேறு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைப் பெற்றோர் அறிவதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் இது எந்த உருவில் வருகிறது என்பதை, உயர்நிலை இரண்டாம் ஆண்டின் இறுதியில், அடுத்த ஆண்டுக்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பருவத்தில், அடுக்குமாடி வீட்டுக் கூடங்களில் கேட்கலாம். ரசாயனத்தோடு பௌதிகமா உயிரியலா என்பது கேள்வி. "பயாலஜி எடும்மா, மனப்பாடம் பண்ணிடலாம், பிசிக்ஸ் உனக்குக் கஷ்டம்" என்பார் தாய். "தம்பி பிசிக்ஸ் எடுக்கட்டும், இன்ஜினியரிங் போகணும்ல" என்பார் தகப்பனார். இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். மகளுக்கு நல்ல மதிப்பெண் வர வேண்டும் என்ற கவலையே அப்படிப் பேசவைக்கிறது. ஆனால், பெண் உழைப்பினால் தேறுகிறாள், ஆண் மூளையினால் தேறுகிறான் என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. பதினான்கு வயதில் பௌதிகத்தை விட்டவளுக்குப் பின்பு பொறியியலின் பெரும்பகுதி எட்டாமலே போகிறது. பதினெட்டு வயதில் அவளாகவே வேறு துறையைத் தேர்ந்தெடுத்தாள் என்று நாம் கணக்கெழுதுகிறோம். இந்திய மாணவர் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பின்தங்கும் கவலையிலிருந்து 1991-இல் பிறந்த சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் செய்துவரும் உதவி பெரிது. பாடம் தேர்ந்தெடுக்கும் இந்த நாழிகையிலும் நம் அமைப்புகள் பெற்றோருக்குத் துணையிருந்தால் நலம்.

பௌதிகமும் கணினியும் இயற்கையாகவே பெண் மனத்துக்கு ஒவ்வாதவை என்பவர்கள் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்துபோய்ப் பார்க்க வேண்டும். மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞானம் ஆண்களின் கோட்டையாக இருக்கும்போது, மலேசியாவில் அதைப் படிப்பவர்களில் பெண்கள் பாதியளவுக்கும் அதற்கு மேலும் இருப்பதைக் கண்டு வியந்து, நார்வே நாட்டு ஆராய்ச்சியாளரான விவியன் லாகெசன் அங்கே சென்று விசாரித்தார். அறைக்குள் அமர்ந்து செய்யும் வேலை, வெயிலில் அலைய வேண்டாம், பாதுகாப்பானது, ஆகவே பெண்ணுக்கு ஏற்றது என்று அங்கே சொன்னார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெண்களைக் கணினி நிறுவனங்களுக்கு அனுப்பும் பெற்றோர் சொல்வதும் இதுவே. இந்தியாவில் விஞ்ஞான, தொழில்நுட்பப் பட்டம் பெறுவோரில் ஐந்தில் இருவருக்கும் சற்று மேலாகப் பெண்கள் இருப்பதில் இந்த எண்ணத்துக்கும் பங்குண்டு. ஒரே சாஸ்திரம் ஒரு தேசத்தில் ஆணுக்கும் மறு தேசத்தில் பெண்ணுக்கும் இயல்பானதாக இருக்குமானால், இயல்பு என்ற சொல்லையே விட்டுவிடுவது நேர்மை. மலேசிய உதாரணத்தை வெற்றி என்று முழங்குவோரோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. பெண் வெயிலில் நிற்கலாகாது என்ற அதே எண்ணம் கணினிக்கு அழைக்கிறது, அதுவே கட்டடப் பொறியியலுக்கும் நிலவியலுக்கும் போகாதே என்கிறது.

ஊக்குவிப்பு எவ்வளவு தூரம் விபரீதமாகக்கூடும் என்பதை ஐரோப்பா 2012-இல் உலகுக்குக் காட்டிற்று. பெண்களை விஞ்ஞானத்துக்கு ஈர்ப்பதற்காக ஐரோப்பிய ஆணையம் தயாரித்த விளம்பரப் படத்தில், குதியுயர்ந்த பாதரட்சை அணிந்த மூன்று யுவதிகள் ஒய்யாரமாக நடந்துவர, நுண்பெருக்கியின் முன் அமர்ந்த ஆடவன் ஒருவன் தலைநிமிர்ந்து பார்க்கிறான்; இடையிடையே உதட்டுச் சாயமும் முகப்பூச்சும் தெறிக்கின்றன. விஞ்ஞானம் செய்பவன் அதிலும் அவனே! கேலியும் கண்டனமும் பெருகவே சில நாட்களில் படத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2015-இல் ஐபிஎம் நிறுவனம் தலைமயிர் உலர்த்தும் கருவியைப் பிரித்தாராயுமாறு பெண்களை அழைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்வாங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைவிடச் சிந்திக்கத்தக்கது: அலங்காரமும் நாகரிகமும் மிக்க பெண் விஞ்ஞானிகளைப் பற்றிப் படித்த பள்ளிச் சிறுமியர், அலங்காரம் பற்றிய பேச்சே இல்லாத பெண் விஞ்ஞானிகளைப் பற்றிப் படித்தவர்களைவிடக் குறைந்த ஊக்கமே கொண்டார்கள். இரண்டையும் ஒருத்தியே சாதிப்பது நம்மால் ஆகாது என்று அச்சிறுமியர் எண்ணினார்கள் போலும்.

நம் தமிழ்ப் பத்திரிகைகள் உதட்டுச் சாயத்தைக் காட்டுவதில்லை. மல்லிகைப் பூவைக் காட்டுகின்றன. ரிசாட் செயற்கைக் கோளின் திட்ட இயக்குநராயிருந்த அரியலூர் வளர்மதி, சந்திரயான்-2 திட்டத்தை நடத்திய முத்தையா வனிதா, 2023-இல் சூரியனை நோக்கி ஆதித்யா-எல்1 கலத்தை அனுப்பிய செங்கோட்டை நிகார் ஷாஜி ஆகியோரைப் பற்றி எழுதும்போது, இவ்வளவு பெரிய பதவியிலும் வீட்டுக் காரியத்தைக் குறையின்றிக் கவனிக்கிறார் என்ற வாக்கியம் இல்லாத கட்டுரையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதே திட்டங்களில் பணிபுரியும் ஆடவரிடம் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று நிருபர் கேட்பதில்லை. இத்தகைய கட்டுரையைப் படிக்கும் பெண்குழந்தை, விண்கலம் செலுத்துவதோடு சமையலும் தவறக்கூடாது என்ற இரட்டைப் பரீட்சையையே கற்கிறாள். புகழ்ச்சியின் வேஷத்தில் வரும் இந்த நிபந்தனை, 1979-இன் வரம்பைவிட நயமானது; அதனாலேயே எதிர்த்து நிற்பதற்கு அதைவிடக் கடினமானது.

முன்மாதிரிகளே வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1973-இலேயே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பிரிவுக்குத் தலைவரான முதல் பெண் குளோரியா லிம், தம் வாழ்நாளைக் காளான்களையும் பூசணங்களையும் ஆராய்வதில் கழித்தவர். ஈரமான வெப்பநாடாகிய இவ்வூரில் இலைகளிலும் சுவர்களிலும் வளரும் பூசணங்களைப் பற்றி அவர் அறிந்தவற்றைச் சொன்னால் எந்தக் குழந்தையும் வாய்பிளந்து கேட்கும். அவரைப் பற்றிப் பேசும்போது பேசவேண்டியது பூசணத்தைப் பற்றி.

பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும் பருவம் ஆண்டுதோறும் வருகிறது. சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோரிடமும், பரிசளிப்பு விழா நடத்தும் நம் சங்கங்களிடமும், பேட்டி எடுக்கும் பத்திரிகையாளரிடமும் எனக்குள்ள விண்ணப்பம் இதுதான்: மகன் பௌதிகம் என்று சொன்னால் எத்தனை கேள்வி கேட்பீர்களோ, மகள் சொன்னாலும் அத்தனையே கேளுங்கள், மேடையேறும் பெண் விஞ்ஞானியிடம் அவருடைய கணவரையும் சமையலறையையும் விசாரிக்காமல், அவர் செய்த சோதனை என்ன, அதில் என்ன கண்டார் என்பதை விசாரியுங்கள்.